நெஸ்டரும் ஆரஞ்சுப் பட்டையும்

நெஸ்டர் ஒலெய்னிக் இருபத்து மூன்று குளிர்காலங்களாக ஐஸ் ஹாக்கியில் லைன்ஸ்மேன். அதற்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு எங்கள் மொஸ்லி வட்டாரத்துச் சரளைச் சாலைகளில் கிரேடர் வண்டி ஓட்டுகிறார். கோடையில் சரளையைச் சமன் செய்வார், குளிர்காலத்தில் பனியை ஒதுக்குவார். ஐம்பத்திரண்டு வயது. குட்டையாக, அகலமாக இருப்பார். தரையில் நடக்கும்போது மூட்டை நகர்வது போலத் தெரியும்; ஐஸில் இறங்கிவிட்டால் அந்த உடம்பில் எடையே இல்லை. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்து இந்த மூலையில் அவரைவிடக் கூர்மையான கண் உள்ள லைன்ஸ்மேன் கிடையாது. இதை நானும் சொல்வேன், அவரும் சொல்வார்.

அந்தக் கண்ணால்தான் அவருக்கு நிம்மதி போனது.

ஐஸில் ஆட்டத்தை நடத்த நாங்கள் மூன்று பேர் இறங்குவோம். ஒரு ரெஃப்ரி, இரண்டு லைன்ஸ்மேன். மூவருக்கும் ஒரே கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டை. ரெஃப்ரியின் மேற்கைகளில் மட்டும் ஆரஞ்சுப் பட்டை இருக்கும். ஒருவன் மட்டையை நீட்டி இன்னொருவன் காலைத் தட்டிவிட்டால், கையைத் தூக்கி, விசில் ஊதி, அவனை இரண்டு நிமிடம் கூண்டில் உட்கார வைக்கும் உரிமை அந்தப் பட்டைக்கு மட்டும்தான். லைன்ஸ்மேன் பத்தடி தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கலாம். அவன் வாய் திறக்கக் கூடாது. காலைத் தட்டியதில் ஆள் அடிபட்டு, ஐந்து நிமிடமும் வெளியேற்றமும் கொடுக்கும் அளவுக்குப் பெரிய குற்றம் என்றால் மட்டும் ரெஃப்ரியிடம் போய்ச் சொல்லலாம். மற்றபடி கோட்டைப் பார்ப்பது, பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டை எடுத்து வந்து இரண்டு மட்டைகளுக்கு நடுவில் போடுவது, சண்டை போடுகிறவர்களைப் பிரிப்பது, ஐஸில் கிடக்கும் உடைந்த மட்டைகளையும் கையுறைகளையும் பொறுக்குவது, இவ்வளவுதான் அவன் பாடு.

நெஸ்டரும் ஆர்வில் ஸ்டென்சனும் ஒரே குளிர்காலத்தில் இந்த வேலைக்கு வந்தவர்கள். ஒரே பள்ளிக்கூட அறையில் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து விதிப் பரீட்சை எழுதியவர்கள். நெஸ்டருக்குத் தொண்ணூற்று நான்கு மதிப்பெண், ஆர்விலுக்கு எண்பத்தொன்று. சில வருடம் இருவரும் ஜோடி லைன்ஸ்மேன்களாகத் திரிந்தார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை ரெஃப்ரிக்கு விஷக்காய்ச்சல் வந்தது. யாராவது ஒருவர் பட்டையைக் கட்டியாக வேண்டும். நெஸ்டர் அன்றைக்குத் தங்கை கல்யாணத்தில் இருந்தார். உக்ரைன்காரர்கள் கல்யாணம் என்றால் மூன்று நாளைக்கு வீடு திரும்ப முடியாது. பட்டை ஆர்விலுக்குப் போனது. போனது திரும்பவில்லை.

"என் தங்கச்சி அப்புறம் அந்த மாப்ளைய விவாகரத்தும் பண்ணிட்டா. அந்தக் கல்யாணத்தால யாருக்கு லாபம்? ஆர்விலுக்கு மட்டுந்தான்" என்பார் நெஸ்டர்.

நான் இவர்களோடு சேர்ந்தது சஸ்கடூனில் வேளாண்மைப் படிப்பை முடித்து ஊர் திரும்பிய வருடம். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் பல்கலைக்கழகப் படி ஏறியவர் யாருமில்லை. என் அப்பா பட்டச் சான்றிதழைச் சமையலறையில் குளிர்பெட்டிக்கு மேலே, வருகிறவர்கள் கண்ணில் படுகிற உயரத்தில் மாட்டியிருந்தார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நெஸ்டர் முதல் நாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்.

"வா புரொபசரே. பின் சீட்டுல ஏறு. பையெல்லாம் உன் மடியில."

ஆர்வில் டிரக்கை ஓட்டுவார். நெஸ்டர் பக்கத்தில் உட்காருவார். நூறு கிலோமீட்டர், நூற்றைம்பது கிலோமீட்டர் போய் ஆட்டம் நடத்திவிட்டுத் திரும்புவோம். போகும் வழியெல்லாம் இருவரும் கோதுமை விலையும் வானிலையும் பேசுவார்கள். திரும்பும் வழியில் நெஸ்டர் ஆரம்பிப்பார்.

"ரெண்டாவது பீரியட்ல அந்த சிவப்புச் சட்டைக்காரன், பதினேழாம் நம்பர், மூலையில கால தட்டினானே, பாத்தியா?"

"பாக்கலப்பா."

"ஆமா, நீ எங்க பாக்கற. அப்புறம் கோலுக்குப் பின்னாடி ஒண்ணு. அது அமாவாசை இருட்டுலயே தெரியும்."

"அப்ப ரெண்டு. சரி. குறிச்சு வச்சுக்கோ."

"மூணு. மூணாவது நீ தண்ணி குடிச்சிட்டு இருந்தப்ப."

ஆர்வில் சிரிப்பார். அவருக்குக் கோபம் வராது. நெடுநெடுவென்று வளர்ந்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். அந்தக் கோபம் வராத குணமே நெஸ்டருக்கு எரிச்சல். சண்டைக்கு வந்தாலாவது இரண்டு வார்த்தை கூடுதலாகக் கேட்டுவிடலாம்.

பொறாமை ஒரு மனிதனிடம் எவ்வளவு தூரம் போகும் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன். ஒவ்வொரு ஊர் ஹாக்கி அரங்கிலும் ஒரு சமையலறை இருக்கும். ஊர்ப் பெண்கள் முறை வைத்து நடத்துவார்கள். ஆட்டம் முடிந்ததும் எங்களுக்குச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு. சஸ்கடூன் பெர்ரிப் பழம் வைத்துச் சுடும் 'பை' பலகாரத்தின் முதல் துண்டு எப்போதும் ஆர்விலின் தட்டில் விழும். ஒருமுறை அதை எடுத்து வைத்த பெண்மணியிடம் நெஸ்டர் கேட்டார்: "ஏம்மா, அவருக்கு ஏன் மொதல்ல?"

"அவரு பாவம், இவ்வளவு நேரம் வசவு வாங்கினாரில்ல."

அதற்கும் பொறாமைப்பட்டார் நெஸ்டர். சும்மா சொல்லவில்லை. பார்வையாளர்கள் 'குருட்டுப் பயலே', 'எருமை', 'உன் பாட்டிய கூட்டிட்டு வந்து ஊதச் சொல்லு' என்று கத்துவதெல்லாம் ஆர்விலைப் பார்த்துத்தான். லைன்ஸ்மேனை யார் திட்டுவார்கள்? ஒருநாள் என்னிடம் மெல்லச் சொன்னார்: "இருபத்து மூணு வருஷத்துல ஒருத்தன்கூட என் பேரச் சொல்லித் திட்டினதில்ல, தெரியுமா? நான் ஐஸ்ல இருக்கறதே அவனுங்களுக்குத் தெரியாது."

அவர் மனைவி டாரியா கெட்டிக்காரி. கடையில் பார்த்தபோது என்னிடம் சொன்னாள்: "நேத்து வீட்ல பூனை அவரு கால தட்டிவிட்டுருச்சு. விழுந்தவரு எழுந்திரிக்கல. ஆர்வில் இதையும் பாத்திருக்க மாட்டான்னு படுத்துக்கிட்டே சொல்றாரு."

போன குளிர்காலத்தில் ஆர்விலின் இடது முழங்கால் விடைபெற்றுக்கொண்டது. மார்ச்சில் நடக்கும் இறுதிப் போட்டிதான் கடைசி என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். அடுத்த பட்டை யாருக்கு என்று முடிவு செய்ய நடுவர்களின் மேற்பார்வையாளர் கோலீன் ரெம்பெல் அந்த ஆட்டத்துக்கு நேரில் வருகிறார் என்று தகவல் வந்தது. கோலீன் ஒரு காலத்தில் தானே பெரிய ஆட்டங்களை நடத்தியவர். எதையும் எழுதிக்கொண்டே இருப்பார்.

அந்த இரண்டு மாதமும் நெஸ்டர் வேறு ஆள். புதிய விசில் வாங்கினார். லைன்ஸ்மேனிடமும் விசில் உண்டு, ஆனாலும் புதியது. கிரேடர் வண்டிக்குள் உட்கார்ந்து கையைத் தூக்கிப் பழகினார். நான் வயலோரம் காரை நிறுத்திவிட்டு என் கண்ணால் பார்த்தேன். வலது கையை நேராக மேலே தூக்குவார். பிறகு காலில் முழங்காலுக்குக் கீழே பட்டென்று ஒரு வெட்டு வெட்டுவார். கால் தட்டலுக்கு ரெஃப்ரி காட்டும் சைகை அது. வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இறுதிப் போட்டி கெஸ்டர் ஊர் அரங்கில். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. சொந்த ஊரான கெஸ்டர் அணிக்கும் பேருந்து வைத்து ஆள் கூட்டி வந்த ஆல்வா அணிக்கும் ஆட்டம். தகர அரங்கில் எழுநூறு பேர். உடை மாற்றும் அறையில் நெஸ்டர் ஸ்கேட் காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"இன்னைக்கு எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும் புரொபசரே. இவன் பாக்காதத நான் பாக்கணும். அந்தம்மா அத பாக்கணும்."

"பெரிய குத்தமா இருந்தாத்தான் நீங்க சொல்ல முடியும்?"

"பெருசாவே நடக்கட்டும். நான் வேண்டாங்கல."

மூன்றாவது பீரியட், அதுதான் கடைசி. இரண்டுக்கு இரண்டு கோல். பதினொரு நிமிடம் பாக்கி. ஆல்வாவின் ஜாரெட் வீப் பக்கோடு பலகையோரமாகப் பாய்ந்து வருகிறான். நெஸ்டர் நிற்கும் நீலக் கோட்டைத் தாண்டுகிறான். கெஸ்டரின் தடுப்பாட்டக்காரன் லைல் டெர்க்சன், மாடு வளர்க்கும் பெரிய உடம்புக்காரன், நீளமாக மட்டையை நீட்டுகிறான். ஜாரெட் முகம் குப்புற விழுந்து பலகையில் மோதினான். ஆர்வில் எதிர் மூலையில், நாற்பதடி தள்ளி இருந்தார். அவர் கை எழவில்லை. பக் உருண்டு கோல்கீப்பரிடம் போக, அவன் அமுக்கிப் பிடித்ததும்தான் விசில் கேட்டது.

ஜாரெட்டின் தாடை கிழிந்து ஐஸில் ரத்தம். ஆல்வா கூட்டம் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தியது.

நெஸ்டர் ஆர்விலிடம் போனார். நான் என் கோட்டிலிருந்து வந்து சேர்ந்தபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"கால் தட்டல். அஞ்சு நிமிஷம், ஆள் வெளிய" என்றார் நெஸ்டர்.

"அவனா விழுந்தான்னுல்ல நெனச்சேன்" என்றார் ஆர்வில்.

"நீ நெனச்ச. நான் பாத்தேன். பத்தடில நின்னேன்."

ஆர்வில் என்னைப் பார்த்தார். "நீ?"

"என் பக்கம் மாத்தாளு இறங்கறாங்க, அங்க பாத்துட்டு இருந்தேன். எனக்குத் தெரியாது."

ஆர்வில் மறுபடி நெஸ்டரைப் பார்த்தார். "நெசமாவே பாத்தியா?"

"பாத்தேன்னேன்ல."

அவ்வளவுதான். ஆர்வில் கணக்கர் மேசைக்குப் போய் காலில் வெட்டிக் காட்டினார், ஐந்து விரலை விரித்தார், கதவைக் காட்டினார். லைல் மட்டையைத் தரையில் அடித்தான். "நான் தொடவே இல்ல ஆர்வில்! என் புள்ளைங்க மேல சத்தியமா தொடல!" என்று கத்திக்கொண்டே உடை மாற்றும் அறைக்கு நடந்தான். மேலே மூன்றாம் வரிசையில் கோலீன் நெஸ்டரைப் பார்த்தார், எழுதினார். நெஸ்டர் அதைப் பார்த்தார். அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம்.

ஜாரெட்டை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து, ஒற்றைக் காலில் தள்ளிக்கொண்டு பெஞ்சுக்குப் போனார்கள். கால் அடிபட்டுவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். ஒருவர் மண்வெட்டியால் ரத்தத்தைச் சுரண்டினார். நெஸ்டர் வழக்கம்போல ஐஸில் கிடந்ததைப் பொறுக்கப் போனார். ஒரு கையுறை, ஒரு மட்டை. பிறகு நீலக் கோட்டோரம் குனிந்தார். குனிந்தவர் நிமிர நேரமானது.

எழுந்தபோது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். நான் அவருக்குப் பின்பக்கம், என் கோட்டில் இருந்தேன். அவர் கையில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஸ்கேட்டின் பிளேடு. ஒரு அடி நீள இரும்பு. அடிப்பிடியிலிருந்து பிளேடு கழன்று விழுவது எங்களுக்குப் புதிதல்ல. கழன்ற மறு கணம் ஆட்டக்காரன் சுடப்பட்டு விழுந்தவன் போலத் தரையில் கிடப்பான். இந்தப் பிளேடு கிடந்தது ஜாரெட் விழுந்த இடத்துக்குப் பன்னிரண்டடி பின்னால். லைலின் மட்டை எட்டும் தூரத்துக்கு அவன் வருவதற்கு முன்பே அது கழன்றுவிட்டது. ஒற்றைக் காலில் அவன் போனதும் அதனால்தான்.

இதற்குள் கெஸ்டர் பயிற்சியாளர் மர்வ் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்.

"ஆர்வில்! நீ பாக்கல! கைய தூக்கல! கோட்டுக்காரன் சொன்னான்னு ஆள வெளிய அனுப்புவியா? ஒரு சீசனோட பொழப்புய்யா இது!"

ஆர்வில் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார். சத்தம் போடவில்லை. ஆனால் அரங்கம் அடங்கியிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"மர்வ், நான் பாக்கல. அவன் பாத்தான். இருபத்து மூணு வருஷமா என்கூட இருக்கான். டிரக்குல என் உசுர எடுப்பான், ஆனா நடக்காத ஒண்ண நடந்துச்சுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. அவன் சொன்னா முடிஞ்சுது."

நெஸ்டர் பக்கை வலது கையில் வைத்துக்கொண்டு வட்டத்துக்கு வந்தார். பக் கீழே விழுந்து ஆட்டம் தொடங்கிவிட்டால் தீர்ப்பு தீர்ப்புதான், யாராலும் மாற்ற முடியாது. பக்கைப் பிடிக்க இரண்டு அணியின் நடு ஆட்டக்காரர்களான சென்டர்களும் குனிந்து நின்றார்கள். வலது கையில் பக். இடது கையில், முதுகுக்குப் பின்னால், பிளேடு.

நெஸ்டர் பக்கைப் போடவில்லை. "நீ மட்டைய முன்னாடியே நகத்தற. வெளிய போ" என்று ஆல்வா சென்டரைத் துரத்தினார். வேறொருவன் வந்தான். நெஸ்டர் குனிந்தார், நிமிர்ந்தார். "உன் கால் கோட்டு மேல இருக்கு. நீயும் போ" என்று கெஸ்டர் சென்டரைத் துரத்தினார். இன்னொருவன் வந்தான். "நேரா நில்லு. மட்டை கீழ. இன்னும் கீழ." இருவரும் சிலை போலத்தான் நின்றார்கள். கூட்டம் ஊளையிட ஆரம்பித்தது.

"நெஸ்டர், என்னப்பா, போடு" என்றார் ஆர்வில்.

அந்த ஒரு நிமிடம் நானும் வாய் திறக்கவில்லை. இதை இங்கே சொல்லிவிடுகிறேன். அவராகச் செய்யட்டும் என்று காத்திருந்தேனா, செய்யாமல் போகட்டும் என்று காத்திருந்தேனா, இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

நெஸ்டர் பக்கைக் கோட்டுச் சட்டைக்குள் செருகினார். ஆர்விலிடம் சறுக்கிப் போய் இடது கையை முன்னால் கொண்டுவந்தார்.

"இந்தா. ஜாரெட்டோடது. நீலக் கோட்டுகிட்ட கெடந்துச்சு. லைல் தட்டல."

ஆர்வில் பிளேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நீ பாத்தது?"

"மட்டைய நீட்டினத பாத்தேன். இவன் விழுந்தத பாத்தேன். நடுவுல உள்ளத நானா போட்டுக்கிட்டேன்."

"எப்ப எடுத்த இத?"

"மர்வ் கத்தறதுக்கு முன்னாடி."

ஆர்வில் கணக்கர் மேசைக்குப் போய் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, குற்றமில்லை என்று காட்டினார். லைலைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒரு ஸ்கேட்டைக் கழற்றிவிட்டிருந்தான், மாட்டிக்கொண்டு ஓடிவர மூன்று நிமிடமானது. அந்த மூன்று நிமிடமும் கெஸ்டர் ஊர் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. யாருக்கு? ஆர்விலுக்கு. முதலில் கையைத் தூக்காதவர் அவர்தானே. அவர்தான் சரியாகப் பார்த்திருக்கிறார். கோட்டுக்காரன் குழப்பினான், ரெஃப்ரி திருத்தினார், இப்படித்தான் எழுநூறு பேருக்கும் புரிந்தது. நாற்பதடியிலிருந்து கண்டுபிடித்த கண்! ஆர்வில்! ஆர்வில்! ரெஃப்ரியின் பெயரைச் சொல்லி ஒரு ஊர் கைதட்டியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நெஸ்டர் நீலக் கோட்டில் நின்றார். மேலேயிருந்து ஒருவன் கத்தினான்: "ஒலெய்னிக்! கண்ணாடி வாங்க காசில்லன்னா சொல்லு, வசூல் பண்ணித் தர்றோம்!"

ஆட்டத்தை ஆல்வா கூடுதல் நேரத்தில் ஜெயித்தது. அந்தத் தீர்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பக் யாரோ ஒருவன் பின்புறத்தில் பட்டு உள்ளே போனது.

உடை மாற்றும் அறைக்கு கோலீன் வந்தார். ஆர்விலுக்குக் கை கொடுத்து, இத்தனை வருட உழைப்புக்கு நன்றி சொன்னார். என்னிடம், தெரியாததைத் தெரியாது என்று சொன்னதாக ஆர்வில் சொன்னாரே என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு நெஸ்டர் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு சென்டரத் தொரத்தினீங்களே, எதுக்கு?"

"யோசிக்க நேரம் வேணும்."

"அந்தப் பசங்க ஒண்ணும் தப்பு பண்ணல, இல்ல?"

"ஒண்ணும் பண்ணல."

கோலீன் அதையும் எழுதினார்.

சமையலறையில் ஆர்வில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். "நெஸ்டர்தான் பிளேடக் கண்டுபிடிச்சு வந்து சொன்னான். நான் ஒண்ணுமே பண்ணல" என்று மேசை மேசையாகச் சொன்னார். கேட்டவர்கள் எல்லாம் அடடா, எவ்வளவு அடக்கமான மனிதர் என்று அவர் முதுகைத் தட்டினார்கள். அவர் சொல்லச் சொல்ல நெஸ்டர் தட்டில் இருந்த உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த பெரோகிக் கொழுக்கட்டையை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தார்.

"அவன நிறுத்தச் சொல்லு புரொபசரே" என்றார் என்னிடம். "ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் இன்னும் ஒரு அங்குலம் வளர்றான்."

திரும்பும் வழியில் வெளிச்சம் இன்னும் இருந்தது. உருகத் தொடங்கிய வயல்களில் போன வருடத்துக் கோதுமைத் தாள்கட்டைகள் பனிக்கு வெளியே தலை நீட்டியிருந்தன. அறுபது கிலோமீட்டர் போனோம். பிறகு நெஸ்டர் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"எப்படிடா பாத்த?"

"எத?"

"அவனா விழுந்தான்னு. நான் பத்தடி. நீ நாப்பதடி. நடுவுல அஞ்சு பேர். எனக்கு அதச் சொல்லு. இருபத்து மூணு வருஷமா நீ குருடன்னு நெனச்சிட்டு இருந்தேன். எப்படிப் பாத்த?"

ஆர்வில் டிரக்கின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

"பாக்கல."

"என்ன?"

"நான் கோல் பக்கம் பாத்துட்டு இருந்தேன். திரும்பினா அவன் தரையில கெடக்கறான். எப்படி விழுந்தான்னு எனக்கு எப்படித் தெரியும்? பாக்காததுக்குக் கைய தூக்க முடியுமா? சும்மா இருந்தேன்."

நெஸ்டர் டாஷ்போர்டை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார்.

"வண்டிய நிறுத்து."

"எதுக்கு?"

"நிறுத்துன்னேன்!"

ஆர்வில் ஓரமாக நிறுத்தினார். நெஸ்டர் இறங்கி, கதவைச் சாத்தாமல், சாலையோரம் இருபதடி நடந்தார், திரும்பி வந்தார், மறுபடி நடந்தார். திறந்த கதவு வழியாகக் குளிர் முழுக்க உள்ளே வந்தது. திரும்பி வந்து குனிந்து ஆர்விலின் முகத்துக்கு நேராகப் பேசினார்:

"நான் கண்ண கிழிச்சுக்கிட்டுப் பாத்தேன், எனக்கு அவமானம். நீ ஒண்ணுமே பாக்கல, உனக்குக் கைதட்டல். நீ பாக்காததுலகூட என்னைய ஜெயிக்கிறியேடா!"

"ஏறுப்பா. கால் வலிக்குது எனக்கு" என்றார் ஆர்வில்.

"உனக்குக் கால் வலிக்கும், அதுக்கும் ஊர் பரிதாபப்படும்."

ஏறினார். மொஸ்லி வரும்வரை, அன்றைய ஆட்டத்தில் ஆர்வில் பார்க்காமல் விட்ட கால் தட்டல்களை ஒன்றுகூட அவர் சொல்லவில்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ஆர்வில் கேட்டார்: "மூணாவது பீரியட்ல மூலையில ஒண்ணு இருந்துச்சோ?"

ஆகஸ்டில் கோலீன் எனக்குத் தொலைபேசியில் பேசினார். ஆரஞ்சுப் பட்டை எனக்கு. நான் சரி என்றேன். சொன்ன வாயோடு நெஸ்டர் நினைவு வந்து, ஒரு நிபந்தனையும் போட்டேன். வேறு யாராவது சொல்லி அவர் கேட்பதற்கு முன் நானே போய்ச் சொல்வது என்று கிளம்பினேன். கடுகு வயல்களுக்கு நடுவே, தேவாலயத்துக்கு வடக்கே போகும் சாலையில் புழுதி கிளம்பியது. கிரேடரை மறித்து நின்று கையைக் காட்டினேன். அவர் எஞ்சினை அணைக்காமல் கதவை மட்டும் திறந்தார்.

"என்ன புரொபசரே, வழி தவறிட்டியா?"

சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு முறை சொன்னேன்.

"காது கேக்குது. ஒரு தடவ சொன்னா போதும்."

கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். அவர் கழுத்து சிவந்திருந்தது. வெயிலாகவும் இருக்கலாம்.

"உனக்கு எத்தன வருஷம் ஆச்சு? லைன்ஸ்மேனா?"

"நாலு."

"நாலு." அந்த எண்ணை அவர் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தார். "என் முன்னாடியே ஸ்கேட் கயிறு கட்டக் கத்துக்கிட்டவன். நாலு வருஷத்துல."

"நீங்க லைன்ஸ்மேனா வந்தாத்தான் நான் ஒத்துக்குவேன் நெஸ்டர். கோலீன்கிட்டயும் சொல்லிட்டேன்."

"பெரிய மனசு பண்றியா? என் கண்ண வச்சுப் பொழச்சுக்கலாம்னு பாக்கற."

"ஆமா."

அவர் வயலைப் பார்த்தார். பிறகு சட்டென்று திரும்பினார். அந்த முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக விழித்துக்கொண்டிருந்தது.

"ஆர்வில் எத்தன வருஷத்துல பட்ட கட்டினான், தெரியுமா?"

"தெரியாதே."

"ஆறு. முழுசா ஆறு வருஷம். நீ நாலு." விரலை விட்டு எண்ணிக் காட்டினார், எனக்குக் கணக்குத் தெரியாது என்பது போல. "ரெண்டு வருஷம் முந்திட்ட அவன. அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. சாயங்காலம் போன் பண்ணலாம்னு..."

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். சொல்றதுக்கு ஒரு விதம் இருக்கு. அத நான் பாத்துக்கறேன்."

கதவைச் சாத்தினார். கிரேடரை அந்தக் குறுகலான சாலையிலேயே முன்னும் பின்னுமாக நான்கு முறை வெட்டித் தெற்கே திருப்பினார். ஆர்வில் வீட்டுக்குப் போகும் தெற்குச் சாலையை அவர் முந்தாநாள்தான் சமன் செய்திருந்தார். அந்த வாரம் அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.